கால் ஏன் கட்டளையைக் கேட்கவில்லை?

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது நமது தாய்மாருக்குக் கைவந்த வேலை. அந்த ஒரு கிள்ளலுக்குள் எத்தனை காரியம் நடக்கிறது என்று சற்று சிந்திப்போம்.

கட்டளை மூளையில் பிறக்கிறது. முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாண் வழியாக இறங்கி, அங்கிருந்து நரம்பு மூலம் தசையை அடைகிறது. நரம்பின் நுனியில் ஓர் இரசாயனம் சுரக்க, தசை சுருங்குகிறது. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்ற செய்தி நரம்பு வழியே மூளைக்குத் திரும்பிப் போவதால் கொழுந்து நசுங்குவதில்லை.

இந்தப் பாதை பழுதானால் என்ன நடக்கும்? 1977, 1978ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் 20க்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளுக்குத் திடீரெனக் கைகால்கள் பலமிழந்தன. வயதுக்கு வந்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நமது வழக்கம் அல்லவா? அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் நஞ்சு கலந்திருந்ததை வைத்தியர்களான சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் எழுதி வெளியிட்டார்கள். முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் நஞ்சு கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மொரோக்கோ நாட்டிலும் 1959இல் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் முடமானார்கள்.

அப்பிள்ளைகளின் தசையில் குற்றமில்லை. நஞ்சு நரம்பிழைகளை அழித்தது. மிக நீண்ட இழைகளே முதலில் கெடும். முண்ணாணிலிருந்து பாதம்வரை ஓடும் இழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். கட்டளை வராத தசை மெலிந்துபோகும்.

ஓகனோபொஸ்பேற்று வகைக் கிருமிநாசினிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்பு நுனியில் சுரக்கும் இரசாயனத்தை உடல் உடனுக்குடன் அகற்ற வேண்டும். இவை அதைத் தடுக்கின்றன. நஞ்சேறியவர் தேறியதுபோல் தோன்றினாலும் 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழக்கலாம் என்பதை சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் எடுத்துக்காட்டினார்கள். எனவே வைத்தியர் அனுப்பும்வரை நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

மண்சரிவிலும் வெள்ளத்திலும் வீடிழந்து, சட்டி பானைகூட இல்லாமல் தங்கியிருக்கும் குடும்பங்கள், கையில் கிடைத்த கேனில் தண்ணீர் பிடிப்பதைக் காண்கிறோம். குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கிருமிநாசினியோ இயந்திர எண்ணெயோ இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பாவிக்கக் கூடாது. வேறு எவரும் எடுத்துப் பாவிக்காதபடி அதில் துளையிட்டுவிடுங்கள். எண்ணெயை முத்திரை உடையாத போத்தலில் வாங்குங்கள். இழந்த வீட்டை மீண்டும் கட்டலாம். இழந்த நரம்பு முழுமையாகத் திரும்பி வருவது அரிது.