ஆபீஸ் கொடுத்த டேப்லெட்: சாவி யார் கையில்?

மஞ்சக்குப்பம் என்றாலே கடலூர்க்காரர்களுக்கு ஆபீஸ்கள் இருக்கிற பக்கம். முன்னெல்லாம் அந்தப் பக்கம் போகிறவர் கக்கத்தில் ஃபைல் இருக்கும். இப்போ டேப்லெட். குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர், மருந்து கம்பெனி ரெப், ஆரம்பப் பள்ளி டீச்சர் என்று எல்லார் கையிலும் ஒன்று. டேப்லெட் கிடைக்காதவர்களுக்கு சொந்த மொபைலில் ஆபீஸ் ஆப்.

இவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் இதுல என்ன பண்றேன்னு ஆபீசுக்குத் தெரியுமா?"

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கருவி யாருடையது, அது எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எம்.டி.எம் என்றால் என்ன?

மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம்தான் எம்.டி.எம். பத்தாயிரம் டேப்லெட்டை ஒரே இடத்தில் உட்கார்ந்து நிர்வகிக்கும் மென்பொருள். பிளாக்பெர்ரி 1999-லேயே கம்பெனிகளுக்கென்று தனி சர்வர் விற்க ஆரம்பித்துவிட்டது. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. அதை வீட்டுக்கு வாங்கியவர்கள் ஆபீசுக்கும் எடுத்துக்கொண்டு வர, ஐ.டி. டிபார்ட்மென்ட்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. அதே வருஷம் ஐ.ஓ.எஸ் 4, ஆண்ட்ராய்ட் 2.2 இரண்டுமே ஆபீஸ் கட்டுப்பாட்டுக்கு வழி திறந்துவிட்டன.

வேலை செய்யும் விதம் சுலபமானது. கருவியை முதலில் கம்பெனி சர்வரில் பதிவு செய்கிறார்கள். அதன்பிறகு சர்வர் கூப்பிடும்போதெல்லாம் கருவி போய் "என்ன உத்தரவு?" என்று கேட்கும். கேமராவை நிறுத்து, இந்த ஆப்பைப் போடு, பாஸ்வேர்டு ஆறு இலக்கம் இருக்கணும், எல்லாத்தையும் அழி. இப்படி எந்த உத்தரவு வந்தாலும் அப்படியே செய்யும்.

ஃபேக்டரி ரீசெட் அடித்தால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. கம்பெனிகள் மொத்தமாக வாங்கும்போதே கருவியின் சீரியல் நம்பரோ ஐ.எம்.இ.ஐ நம்பரோ ஆப்பிள், கூகுள், சாம்சங் சர்வர்களில் அந்தக் கம்பெனி பெயரில் ஏறிவிடும். ரீசெட் செய்துவிட்டு நெட்டில் இணைத்ததும் மறுபடியும் பழைய முதலாளியிடமே போய் நிற்கும். செகண்ட் ஹேண்ட் கடையில் நல்ல டேப்லெட் சல்லிசாகக் கிடைத்தால், வாங்குவதற்கு முன் கடைக்காரர் எதிரிலேயே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்துப் பாருங்கள். "இந்தக் கருவி உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்று வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

மூன்று விதம்

ஒன்று, கம்பெனி கருவி, முழுக் கட்டுப்பாடு. ஒரே ஒரு ஆப் மட்டும் திறக்கும்படிகூடப் பூட்டிவைக்கலாம். ஓட்டலில் ஆர்டர் எடுக்கும் டேப்லெட் பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டு, கம்பெனி கருவிதான், ஆனால் சொந்த உபயோகத்துக்கும் அனுமதி. வேலைக்கு ஒரு பகுதி, சொந்தத்துக்கு ஒரு பகுதி.

மூன்று, உங்கள் சொந்த மொபைல். அதற்குள் ஆபீசுக்கென்று ஒரு அறை. ஆண்ட்ராய்டில் இதற்கு வொர்க் ப்ரொஃபைல் என்று பெயர். 2014 கடைசியில் ஆண்ட்ராய்ட் 5-ல் வந்தது. ஆபீஸ் ஆப்களின் ஐகான் மேல் சின்னதாக ஒரு பெட்டிப் படம் இருக்கும். ஐபோனில் இதேபோன்ற ஏற்பாடு 2019-ல் ஐ.ஓ.எஸ் 13-உடன் வந்தது.

என்ன தெரியும், என்ன தெரியாது?

மூன்றாவது வகையில், வொர்க் ப்ரொஃபைலுக்குள் இருப்பது எல்லாம் ஆபீசுடையது. வெளியே இருக்கும் வாட்ஸாப், போட்டோ, கால் லிஸ்ட் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. என்னென்ன ஆப் வைத்திருக்கிறீர்கள் என்றுகூடப் பார்க்க முடியாது. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும்தான் அழிக்க முடியும்.

இரண்டாவது வகையில், ஆண்ட்ராய்ட் 11-க்கு (2020) முன்னால் கம்பெனியின் கை சொந்தப் பகுதிக்குள்ளும் நீண்டது. அதற்குப் பிறகு உள்ளே எட்டிப் பார்க்கும் வழியை கூகுள் அடைத்துவிட்டது. ஆனால் மொத்தக் கருவியையும் அழிக்கும் அதிகாரம் இன்னும் கம்பெனியிடம்தான். குழந்தையின் பிறந்தநாள் போட்டோவை அவர்களால் பார்க்க முடியாது. அழிக்க முடியும். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

முதல் வகையில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. எந்த ஆப் இருக்கிறது, கருவி எங்கே இருக்கிறது, கம்பெனி வி.பி.என் வழியாகப் போனால் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது வரை தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் முறையான எம்.டி.எம்-க்குப் பொருந்தும். சில இடங்களில் அது இருக்காது. "இந்த ஏ.பி.கே-யை இன்ஸ்டால் பண்ணிக்கோங்க" என்று வாட்ஸாப் குரூப்பில் ஒரு ஃபைல் வரும். திறந்தால் காண்டாக்ட், லொகேஷன், கேமரா, எஸ்.எம்.எஸ் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். இதில் அறையும் கிடையாது, சுவரும் கிடையாது. எம்.டி.எம்-ஐப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

செலவு யார் தலையில்?

நம்ம நாட்டில் டேப்லெட்டை வேலைக்குப் பெரிய அளவில் இறக்கியது தனியார் கம்பெனிகள் மட்டுமல்ல, அரசாங்கமும்தான். 2011-ல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கில் டேப்லெட் செய்து கொடுத்தது. பேப்பர் இல்லாத கணக்கெடுப்பு. கருவி அரசாங்கத்துடையது, வேலை முடிந்ததும் திரும்பப் போய்விட்டது. அடுத்து வரும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் டிஜிட்டல்தான். ஆனால் இந்தத் தடவை கணக்கெடுப்பாளர் தன் சொந்த மொபைலில் ஆப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும் என்பது திட்டம். நடுவில் என்ன மாறியது? எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. கருவிச் செலவு சத்தமில்லாமல் ஊழியர் பக்கம் நகர்ந்துவிட்டது.

நூறு நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ் ஆப்பில் தினமும் போட்டோவோடு வருகை பதிவது கட்டாயமானது. போட்டோ எடுக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். பெரும்பாலும் அவருடைய மொபைல், அவருடைய டேட்டா. சிக்னல் கிடைக்கவில்லை என்றால் அடிபடுவது அங்கே வேலை செய்தவர்களின் கூலி.

சரி, கருவியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? மகாராஷ்டிராவைப் பாருங்கள். போஷன் அபியான் திட்டத்தில் அங்கன்வாடி ஊழியர்களுக்கு அரசே மொபைல் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்த மொபைல்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். ரேம் போதவில்லை, சூடாகிறது, ஆப் ஆங்கிலத்தில் இருக்கிறது, ரிப்பேர் செலவும் எங்கள் தலையில் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். கருவி யாருடையது என்பது தெளிவு. அது கெட்டால் யார் பொறுப்பு என்பதுதான் தெளிவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரொம்ப நாளாகச் சொந்த மொபைலில்தான் டி.என்.எஸ்.இ.டி ஆப்பை வைத்துப் பதிவுகள் போட்டுவந்தார்கள். பிறகு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. இது நல்ல திசைதான். வேலைக்கான கருவியை வேலை கொடுப்பவர் தருவதுதான் நியாயம். தைக்க வருகிறவரிடம் "மெஷினையும் நீயே கொண்டு வா" என்று எந்தக் கார்மென்ட் கம்பெனியும் சொல்வதில்லையே.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 7-வது பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது: வேலை தொடர்பான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலேயே பயன்படுத்தலாம். எவ்வளவு அகலமான வாசல் என்பதை இனி வரும் வழக்குகள்தான் சொல்லும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இப்போதே நிம்மதியாக உட்கார முடியாது.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 2020 மே 1 அன்று வந்த மத்திய உள்துறை உத்தரவு, அரசு, தனியார் ஊழியர் எல்லாரும் ஆரோக்கிய சேது ஆப் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியது. மே 17-ல் வந்த உத்தரவில் அது "முடிந்தவரை முயற்சி செய்யுங்கள்" என்று இறங்கிவிட்டது. கேள்வி கேட்டால் சில சமயம் பலன் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் "டிவைஸ் அட்மின்" என்று தேடுங்கள். ஐபோனில் ஜெனரல் பகுதிக்குள் "வி.பி.என் & டிவைஸ் மேனேஜ்மென்ட்". யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சாவி வைத்திருப்பவர்.

ஆபீஸ் கருவி என்றால் அதில் சொந்த போட்டோ, பேங்க் ஆப், ஆதார் காப்பி எதையும் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். சொந்த மொபைல் என்றால் "வொர்க் ப்ரொஃபைலில் போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஐ.டி. ஆட்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கையெழுத்துப் போடும் முன்பு நாலு கேள்வி: தொலைந்தால் யார் கட்டணும்? ரிப்பேர் யார் செலவு? வேலை நேரம் முடிந்த பிறகும் லொகேஷன் போகுமா? வேலையை விடும்போது எதை அழிப்பீர்கள்?

இந்த நாலுக்கும் பதில் எழுத்தில் இருந்தால் டேப்லெட் ஒரு நல்ல வேலைக் கருவி. வாய் வார்த்தையாக மட்டும் இருந்தால், சிக்கல் வரும் நாளில் ஆபீசிடம் எம்.டி.எம் பதிவு இருக்கும், உங்களிடம் ஒன்றும் இருக்காது.