எல்லா இளைப்பும் அலர்ஜி அல்ல

வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா என்று தெரிந்தால் போதும், அன்றே தலையணை உறை வெந்நீரில் விழும், ஊதுபத்தி பரணுக்குப் போகும், பூனை அடுத்த தெருவுக்குப் போகும். தூசி, தாளிப்புப் புகை, பனிக்காற்று என்று குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனாலும், அதில் உடல் எடைக்கு இடம் இருப்பதில்லை.

எடையைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்த ஆய்வுகளில் முக்கியமானது அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்தது. 1991 முதல் நான்கு ஆண்டுகள், சுமார் 86 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியெண் 30-ஐ எட்டியவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு, அளவான எடை உள்ளவர்களைப் போல 2.7 மடங்கு இருந்தது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 77 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 30. பின்னர் 2007-ல், மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகவே இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இளைப்பு உள்ள பிள்ளையை யாரும் ஓடி விளையாட விடுவதில்லை. உட்கார்ந்தே இருந்தால் எடை ஏறத்தான் செய்யும். தெற்குக் கலிஃபோர்னியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், ஆஸ்துமா இருந்தவர்கள் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 51 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை நாள்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் எடை கூடும். அப்படியானால் எது முன்னே, எது பின்னே?

விடை மரபணுவில் கிடைத்தது. எடையைச் சற்றே கூட்டக்கூடிய மரபணு மாற்றங்கள் பிறக்கும்போதே உடன் வருபவை. பிறகு வருகிற நோயால் அவற்றை மாற்ற முடியாது. அந்த மாற்றங்களைக் கூடுதலாகச் சுமப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் கூடுதலாக வருகிறதா என்று பெரிய மக்கள் தொகுதிகளில் பார்த்தார்கள். வந்தது. தும்மலும் மூக்கொழுகலுமாக வரும் மகரந்த அலர்ஜி மட்டும் அப்படிக் கூடவில்லை. எடை ஆஸ்துமாவைத் தூண்டுகிறது, ஆனால் பெரும்பாலும் அலர்ஜியின் வழியாக அல்ல என்பதே இதன் பொருள்.

வேறு எந்த வழியாக? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இயல்பாக மூச்சை விடுங்கள். விட்டு முடித்த இடத்தில் நிறுத்தி, வயிற்றை எக்கி, இன்னும் அழுத்தி ஊதுங்கள். அப்போதும் கொஞ்சம் காற்று வரும். அது நுரையீரலின் கையிருப்பு. பி.எம்.ஐ. 20 உள்ளவருக்கு இருக்கும் இந்தக் கையிருப்பில், பி.எம்.ஐ. 30 உள்ளவருக்கு மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. தொப்பையின் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நெஞ்சின் மேல் படிந்த கொழுப்பு விலா எலும்புக்கூட்டை அழுத்துகிறது. மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்து விரித்து வைத்திருப்பது காற்று நிறைந்த நுரையீரல்தான். நுரையீரல் சுருங்கியே இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது, குழல் குறுகுகிறது, சிறு தூண்டுதலுக்கும் இறுகிக்கொள்கிறது.

கொழுப்பு வெளியிலிருந்து அழுத்துவதோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள், இறந்த 52 பேரின் நுரையீரல் துணுக்குகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூச்சுக்குழலின் சுவரிலேயே கொழுப்புத் திசு படிந்திருந்தது. பி.எம்.ஐ. ஏற ஏற அந்தப் படிவும் ஏறியிருந்தது. 2019-ல் இது வெளியானது. மேலும், கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்புக் கிடங்கு அல்ல. லெப்டின், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது.

இதனால்தான் மருத்துவர்கள் இப்போது இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, சிறு வயதிலேயே அலர்ஜியோடு தொடங்கி, பின்னால் எடை கூடியதால் மோசமாகும் ஆஸ்துமா. மற்றொன்று, நடுவயதில், பெரும்பாலும் பெண்களுக்கு, எடை கூடிய பிறகு புதிதாக வருவது. இந்த இரண்டாம் வகையில், அலர்ஜியின்போது கூடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளின் அளவு குறைவாக இருக்கும், அலர்ஜியோடு தொடர்புள்ள இயோசினோஃபில் வெள்ளணுக்களும் அதிகம் இருக்காது. அலர்ஜி சோதனையில் ஒன்றும் சிக்காது. அலர்ஜி அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இவர்களிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போவதும் உண்டு.

தோலிலும் இதே கதைக்கு ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. ஒரே வகைக் கரப்பான் நோயை (எக்சிமா) ஒல்லி எலிகளிடமும் கொழுத்த எலிகளிடமும் உண்டாக்கிப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. கொழுத்தவற்றில் நோய் கடுமையாக இருந்தது. நோயை நடத்தும் எதிர்ப்பணுக்களின் வகையே மாறியிருந்தது. ஒல்லி எலிகளிடம் நோயைத் தணித்த மருந்து கொழுத்தவற்றின் நிலையை மோசமாக்கியது. மனிதர்களிடமும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே பெயருள்ள நோய் எல்லா உடம்பிலும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை.

எடை குறைந்தால் மூச்சு தெளியுமா? ஃபின்லாந்தில் பருமனான 38 ஆஸ்துமா நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கண்டிப்பான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 14.5 சதவீதத்தை இழந்தார்கள். அவர்களின் மூச்சுத்திறனும் கூடியது, தொந்தரவுகளும் குறைந்தன. அவ்வளவு இறக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 5 முதல் 10 சதவீதம் குறைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமாவின் மேல் கட்டுப்பாடு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதாக ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், ஐ.ஜி.இ. குறைவாக இருந்தவர்களுக்கே மூச்சுக்குழலின் பதற்றம் தணிந்தது. எடையால் வந்த ஆஸ்துமா எடையோடு இறங்குகிறது, அலர்ஜியால் வந்தது அப்படி எளிதில் இறங்குவதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நால்வரின் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டிருக்கிறது அல்லது தாண்டியிருக்கிறது. நம் உடல்வாகுக்கு 23-க்கு மேல் போனாலே எடை அதிகம் என்கிறது மருத்துவம். ஆகவே இங்கே இரண்டு தவறுகளும் நடக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவரை, "உடம்பைக் குறைங்க, சரியாயிடும்" என்று மருந்தே இல்லாமல் அனுப்புவது ஒன்று. சோதிக்காமலே இன்ஹேலரைக் கையில் கொடுப்பது மற்றொன்று. கனடாவில், ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த நோயே இல்லை. பருமனானவர், ஒல்லியானவர் என்ற வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை.

குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனை சில நிமிட வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமா உறுதியானால் இன்ஹேலரை ஒழுங்காக எடுங்கள். எடை இறங்கத் தொடங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இளைப்பு உள்ள பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள், பையில் இன்ஹேலரோடு. வீட்டைத் தூசியில்லாமல் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அலர்ஜி சோதனையில் எதுவும் தெரியாத, நாற்பது வயதில் இளைப்பு தொடங்கிய ஒருவருக்கு ஒட்டடைக் கம்பைவிட எடை பார்க்கும் இயந்திரமே அதிகம் உதவக்கூடும்.