தாழ்ந்த இமை: குடும்பச் சாயலா, நோயா?

சில குடும்பங்களில் தந்தை, மகன், பேத்தி ஆகிய மூவருக்கும் மேலிமை சற்றுத் தாழ்ந்தே இருப்பதைக் காண்கிறோம். “எங்கள் வம்சத்துக் கண்ணே இப்படித்தான்” என்று பெரியோர் சொல்லிவிடுவர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், பரம்பரையாக வந்தது என்பதனாலேயே தீங்கற்றது என்று முடிவு கட்டலாமா?

மேலிமையைத் தூக்கி நிறுத்துவது மெல்லியதொரு தசை. சிலருக்குக் கருவிலேயே அத்தசை முழு வலிமை பெறுவதில்லை. அவ்வாறு தாழ்ந்த இமை கண்மணியை மறைக்காமலும், ஆண்டுகள் சென்றும் மாறாமலும் இருக்குமாயின், அது பெரும்பாலும் முகத்தின் அடையாளமேயன்றி நோயன்று.

குழந்தையின் கண்மணியை இமை மறைக்குமாயின் நிலைமை வேறு. பார்வை என்பது மூளையும் பழக வேண்டிய ஒன்று. அப்பழக்கம் ஏறத்தாழ 7, 8 வயதுக்குள் அமைந்துவிடுகிறது. அதற்குள் சரியாகப் பழகாத கண் பின்னர் மங்கலாகவே நின்றுவிடக்கூடும். பருவம் தப்பிய விதைப்பை உரமிட்டு ஈடுசெய்ய இயலாது என்பது உழவர் அறிந்ததே. மோவாயை உயர்த்தி, புருவத்தை ஏற்றிப் பார்க்கும் குழந்தையைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இமையை உயர்த்த அறுவைச் சிகிச்சை உண்டு.

பரம்பரையாக வரும் இமைத் தாழ்வு நோயாகவும் இருக்கக்கூடும். 1915இல் பாஸ்டன் நகர மருத்துவர் டெய்லர், பிரெஞ்சுக் கனடிய மரபினரான ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். இந்நோயில் நடுவயதுக்கு மேல் இமை தாழ்கிறது. உணவை விழுங்குவதும் அரிதாகிறது. இதற்குக் காரணமான மரபணு 1998இல் கண்டறியப்பட்டது.

காலையில் சீராக இருந்து மாலையில் தாழும் இமையும் உண்டு. நாள் முழுதும் பாவிலே கண்ணை ஓட்டும் நெசவாளர் அதனை உழைப்பின் அயர்வு என்றே எண்ணிவிடலாம். ஆனால் அது நரம்பின் கட்டளை தசைக்குச் சரிவரச் சேராத ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்னும் நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்துகள் உள்ளன. திடீரென ஓர் இமை தாழ்ந்து, கடுந்தலைவலியும் இரட்டைப் பார்வையும் சேருமாயின், மூளையின் இரத்தக் குழாய் புடைத்திருக்கக்கூடும். அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று: எப்போது வந்தது? கண்மணியை மறைக்கிறதா? மாறுகிறதா? முதல் கேள்விக்கு விடை வீட்டுச் சுவரிலேயே இருக்கலாம். பழைய கல்யாணப் புகைப்படத்தில் இமை எவ்வாறு இருந்தது என்று பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ‘வம்சம்’ என்னும் ஒரு சொல் மூன்று கேள்விகளுக்கும் விடையாகிவிடாது.