சாணத்தில் தெரியும் மேய்ச்சல் அளவு

மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் கிடை போட்டு வளர்க்கப்படும் புலிக்குளம் மாடுகள், அறுவடை முடிந்த வயல்களிலும் கண்மாய்க் கரைகளிலும் மேய்ந்தே வயிறு நிரப்புவதால், அவை உண்ணும் அளவைத் தராசில் நிறுத்தறிய இயலாது. அதற்காகவே, செரிக்காமலும் உறிஞ்சப்படாமலும் ஏறத்தாழ முழுமையாகச் சாணத்தில் வெளியேறும் அடையாளப் பொருள்களை ஆய்வாளர்கள் கையாளுகின்றனர். நாள்தோறும் 10 கிராம் குரோமிக் ஆக்சைடு ஊட்டப்பட்ட மாட்டின் உலர்ந்த சாணத்தில் கிலோவுக்கு 5 கிராம் அப்பொருள் இருந்தால், அது ஒரு நாளில் இடும் சாணத்தின் உலர் எடை 2 கிலோ ஆகும். புல்லில் இயற்கையாகவே உள்ள, அமிலத்தில் கரையாத சாம்பல், புல்லில் 2 சதவீதமாகவும் சாணத்தில் 5 சதவீதமாகவும் காணப்பட்டால், உலர்பொருளில் 60 சதவீதம் செரித்தது என்றும், ஆகவே மாடு உண்டது 5 கிலோ என்றும் கணிக்கலாம். ஆயினும் தரையொட்டிய புல்லை மேயும் மாடு மண்ணையும் சேர்த்து விழுங்குமாதலால், இச்சாம்பல் கணக்கு எளிதில் பிழைபடும். அதனினும் நம்பத்தக்கது, ஸ்காட்லாந்தில் மேயஸ் குழுவினர் 1986இல் வெளியிட்ட முறை: இலை மெழுகிலுள்ள 33 கார்பன் அணுக்கள் கொண்ட அல்கேனும், மாட்டுக்கு ஊட்டப்படும் 32 கார்பன் அல்கேனும் குடலில் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைவதால், பிழையின் பெரும்பகுதி அதில் தானே ஈடாகிவிடுகிறது.