கீலுக்கு அடியில் ஒரு கச்சேரி

பாய் விரித்த சின்னப் படகு காற்றைப் பிடித்து வேகம் எடுக்கிறது. திடீரென்று அடியிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம்! உட்கார்ந்திருக்கும் பலகை அதிர்கிறது, சுக்கான் பிடித்த உள்ளங்கை கூசுகிறது. மோட்டாரே இல்லாத படகில் எது இப்படி உறுமும்? பிளைவுட் அறுத்து, எபாக்சி பூசி, சொந்தக் கையால் கட்டியவருக்கு அந்த நொடியில் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அட, துள்ளிக் குதிக்கத் தோன்றும்!

இந்தத் திரைமறைவை எட்டிப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, ஊட்டிக்குப் போனால் போதும். 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஊட்டி ஏரியில் மக்கள் ஏறிச் சுற்றுவது துடுப்புப் படகும் மிதிபடகும் மோட்டார் படகும்தான். அதனால் ஏரியை விடுங்கள், தலையை நிமிர்த்துங்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியதிலிருந்து மலைச்சரிவுகளின் மேல் உயர் அழுத்தக் கம்பிகள் நீண்டு கிடக்கின்றன. இதமான காற்று ஒரே சீராக வீசும் நேரத்தில் அந்தக் கம்பிகள் மெல்ல அதிரும். படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கீல் அதிர்வதும் இதே காரணத்தால்தான். அங்கே காற்று, இங்கே தண்ணீர். அவ்வளவே வித்தியாசம்!

நடப்பது இதுதான். ஓடுகிற காற்றின் குறுக்கே ஒரு கம்பி நின்றால், அதன் முதுகுப் பக்கம் சுழிகள் பிறக்கும். ஒன்று மேலே, அடுத்தது கீழே, மறுபடியும் மேலே என்று முறை வைத்துக் கழன்று போகும். ஒவ்வொரு சுழியும் போகிற போக்கில் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் கம்பிகளைக் காற்றில் சுழற்றி, எழும் சுருதியை அளந்தார். அவர் வழியாகக் கிடைத்த கணக்கு எவ்வளவு எளிது பாருங்கள்: வேகத்தைத் தடிமனால் வகுத்து, வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால், நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது வந்துவிடும். 20 மில்லிமீட்டர் கம்பியில் நொடிக்கு 4 மீட்டர் காற்று பட்டால் 40 அதிர்வு.

இனி படகுக்கு வருவோம். ஏரா என்று படகு கட்டுபவர்கள் சொல்லும் கீலில், தண்ணீரைக் கிழிக்கும் முன்விளிம்பு குற்றவாளி இல்லை. எல்லா வம்பும் பின்விளிம்பில். அது 6 மில்லிமீட்டர் தடிமனில் மழுங்கலாக நின்று, படகு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால் கணக்கு என்ன சொல்கிறது? நொடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் காதில் விழுகிற அதே சுருதி! கீலுக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. தட்டினால் அது எழுப்பும் ஓசை. சுழியின் தாளமும் அந்தச் சொந்தச் சுருதியும் சேர்ந்துவிட்டால் போதும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடாது. சில வேகங்களில் மட்டும் படகு பாடி, அதைத் தாண்டியதும் சட்டென்று அடங்கும் மர்மம் இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் நடந்தது. ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி, அதைச் சுற்றி நீரின் அழுத்தத்தை அளக்கப் பார்த்தார். நீர் அடங்கவே இல்லை, ஓயாமல் ஆடியது. உருளை சரியான வட்டமாக இருக்காது என்றார் பேராசிரியர் பிராண்ட்ல். கவனமாக வட்டமாக்கினார், அப்போதும் ஆட்டம். வாய்க்காலின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்றார்கள். அதையும் திருத்தினார்; அப்போதும் ஆட்டம்! அங்கிருந்த இளைஞர் கார்மன் தினமும் காலையில் வந்து "நீர் அடங்கிவிட்டதா?" என்று கேட்பார், "எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது" என்று வருத்தத்தோடு பதில் வரும். எப்போதும் ஆடுகிறது என்றால் அதுதானே அதன் இயல்பு! கார்மன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, 1911-இல் வெளியிட்டார். இன்றும் அந்தச் சுழிகளின் வரிசைக்கு அவர் பெயர்தான். அதே 1911-இல்தான் சென்னைத் துறைமுகத்தின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். ஆம், துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை ராமானுஜனுக்குத் துணை நின்ற அதே ஸ்பிரிங்!

இந்த ரீங்காரம் வீட்டில் கட்டிய படகுக்கு மட்டும் வரும் நோயும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டியது லேசர் ரேடியல் வகைப் பாய்ப்படகு. லேசர் படகு காற்றில் பறக்கும்போது அதன் அடிப்பலகை, அதாவது கூட்டுக்குள் ஏற்றி இறக்கும் கீல், முரலுவது ஓட்டுபவர்களுக்குப் பழகிய ஓசை. ஆலையில் வார்த்த படகுக்கே இப்படி என்றால், இழைப்புளியும் உப்புத்தாளும் வைத்துக் கையால் செதுக்கிய பலகையைச் சொல்லவா வேண்டும்!

நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் சுவாரசியம். ஓடும்போதே அடிப்பலகையின் தலையை உள்ளங்கையால் அழுத்துங்கள். 'கடகட' சத்தம் நின்றால், பலகை அதன் கூட்டுக்குள் தொளதொளவென்று இருக்கிறது. கம்பளமோ ரப்பரோ வெட்டி இடுக்கில் ஒட்டினால் தீர்ந்தது. பலகையை ஒரு சாண் மேலே தூக்கிப் பாருங்கள். சுருதி மாறினால் பாடுவது அந்தப் பலகைதான். மாறாமல் கை மட்டும் நடுங்கினால் சுக்கானைச் சந்தேகியுங்கள். பாலிதீன் பையோ தூண்டில் நரம்போ சுற்றியிருந்தாலும் பலகை உதறும். நம் நீர்நிலைகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி, ரீங்காரம் மட்டும் நிற்கவில்லையா? பலகையைக் கழற்றி மேசையில் போடுங்கள். அழகுக்காகப் பின்விளிம்பை உருட்டி, வழவழவென்று வார்னிஷ் அடித்திருக்கிறதா? பிடித்துவிட்டோம்! உருண்ட விளிம்பில் இரு பக்கச் சுழிகளும் எந்தத் தடையும் இல்லாமல் முறைவைத்துத் தட்டும். மருந்து ஓர் அரம். விளிம்பின் ஒரே பக்கத்தை மட்டும் 30 முதல் 45 பாகைச் சரிவாகச் சீவ வேண்டும். மறுபக்கத்தைத் தொடக்கூடாது. ஒரு பக்கச் சுழி முன்னே, இன்னொன்று பின்னே கழன்று, தாளம் குலைந்து, ஒன்றின் தட்டை மற்றொன்று தின்றுவிடும். பெரிய கப்பல்களில் புரொப்பெல்லர் பாடினாலும் இதே வைத்தியம்தான். கத்திபோலக் கூராக்கினால் இன்னும் நல்லது. ஆனால் மர விளிம்பு ஒரு கல்லில் பட்டாலே சிதறும். அதனால் 2 மில்லிமீட்டர் தடிமன் விட்டு, மூலையைக் கூராக நிறுத்தி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

மின்கம்பியை இப்படிச் சீவ முடியாது அல்லவா? அதற்கு 1920-களில் அமெரிக்க மின்பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் ஒரு வழி கண்டார். கோபுரத்தை ஒட்டிக் கம்பியில் சின்ன டம்பெல் போல ஒன்று தொங்குமே, அதுதான். கம்பி அதிரும்போது அதன் எடைகள் ஆடும். நடுவிலுள்ள முறுக்குக் கம்பியின் இழைகள் உரசி, அதிர்வைச் சூடாக மாற்றித் தீர்த்துவிடும். கம்பி என்றதும், ஊட்டி அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் வழிகாட்டுதலில் 1970-இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியில் இணையாக ஓடும் 1,100 எஃகுக் கம்பிகளை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பி ஒவ்வொன்றும்! நொடிக்கு 5 மீட்டர் காற்றில் ஸ்ட்ரூஹால் கணக்குப்படி அதன் தாளம் நொடிக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கீல் போல்ட் போட்டு முடுக்கிய கனமான கீல் என்றால், 'டக் டக்' என்று கனத்த அடி கேட்டாலோ, போல்ட் பக்கம் நீர் கசிந்தாலோ அது சுழியின் வேலை அல்ல. 2014-இல் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிகி' என்ற பாய்ப்படகின் கீல் கழன்று நால்வர் உயிரிழந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் படகைக் கரையேற்றி, போல்ட் ஒவ்வொன்றையும் பார்த்து முடிக்கும்வரை நீரில் இறக்காதீர்கள். வெறும் ரீங்காரம்தான் என்றால் ஓர் அரமும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.