முதுமையில் தசைப் பயிற்சி: வாரத்திற்கு எத்தனை நாள்?

முதியவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போது இரு கைகளையும் ஊன்றி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். “முழங்கால் போய்விட்டது” என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் நம்பிவிடுவோம். ஆனால் பல சமயங்களில் குறை தொடையின் முன்புறத் தசையில் இருக்கிறது. மெலிந்துபோன அந்தத் தசைக்கு மீண்டும் வலிமை ஊட்ட முடியுமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் இதைச் சோதித்தார். முடிவுகள் 1990-இல் வெளியாயின. சோதனையில் சேர்ந்தவர்கள் பத்துப் பேர். சராசரி வயது 90! வாரத்திற்கு மூன்று நாள்களாக எட்டு வாரங்கள் அவர்கள் கால்களால் எடையை உயர்த்தி இறக்கினர். அதுவும் சிறிய எடையன்று. ஒருவரால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிந்த எடையில் 80 விழுக்காடு.

பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதாவது, 10 கிலோ தூக்கியவர் 27 கிலோ தூக்கியதற்கு ஒப்பாகும். ஆனால் தொடைத் தசையின் குறுக்குப் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியிருந்தது. அப்படியானால் எஞ்சிய வலிமை எங்கிருந்து வந்தது?

நரம்புகளிலிருந்து! தசை நார்கள் கூட்டங் கூட்டமாக இயங்குகின்றன. ஒவ்வொரு கூட்டத்தையும் ஏவுவதற்குத் தண்டுவடத்தில் ஒரு நரம்பணு உண்டு. உழைப்பில்லாத உடலில் எல்லாக் கூட்டங்களும் முழு அளவில் ஏவப்படுவதில்லை. பயிற்சி முதலில் இந்த நரம்பணுக்களைத்தான் பழக்குகிறது. முதுமையில் அதிகமாக மெலிபவை விரைந்து சுருங்கும் நார்கள். கால் இடறும்போது உடலைச் சட்டென்று தாங்குவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. கனத்த சுமைக்கு எதிராக உழைக்கும்போதுதான் இவை நன்றாக வேலைக்கு வருகின்றன. மாலை நேர உலாவல் நல்லதே, விட வேண்டாம். ஆனால் இந்த வேலைக்கு அது போதாது.

இனி நாள் கணக்கைப் பார்ப்போம். பயிற்சி முடிந்த பிறகும் ஓரிரு நாள்கள் வரை தசையில் புதுப் புரதம் கூடுதலாகச் சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் வேலை கொடாமல், இடையே ஒரு நாள் விடுவது நல்லது. வாரத்தில் இரண்டு நாள்களாவது முக்கியத் தசைகள் அனைத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பது 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரை.

பயிற்சியை நிறுத்தினால்? பாஸ்டன் முதியவர்கள் நான்கே வாரங்களில் தம் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தனர். ஆயினும் 2002-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு ஆறுதல் தருகிறது. எழுபது வயதை ஒட்டிய ஆடவர்கள் பன்னிரண்டு வாரங்கள், வாரம் மூன்று நாள்கள் பயின்றனர். பிறகு அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒரு நாள் மட்டும் தொடர்ந்தனர். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் பெற்ற வலிமை குறையவில்லை!

வீட்டில் தொடங்க ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பின் மீது கட்டிக்கொண்டு எட்டுப் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அது எளிதாகிவிட்டால், மணல் நிரப்பிய துணிப்பையை அணைத்துக்கொண்டு செய்யலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.