கணினிக் கடையில் தொங்கும் கைத்தறிச் சாறி

மட்டக்களப்பு வாவியின் தென்முனையை அண்டிய மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 2004 ஆழிப்பேரலையில் தறிகளையும் இழந்து மீண்ட ஊர். அங்கு நெய்த சாறியையும் சாரத்தையும் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாது, படத்தைத்தான் நம்புகிறார். இன்று முழுப் புடவைக்கடையையே கணினியில் உருவாக்கிக் காட்டலாம். அப்படிச் செய்யும்போது எனக்கு அதிக வேலை வைப்பது சுவரோ விளக்கோ அல்ல, துணிதான்.

கணினிக்குத் துணி என்பது சுருள்வில்களால் இணைத்த புள்ளிகளின் வலை. எடை, இழுவை, வளைவு ஆகியவற்றை நாம் கொடுக்க, மடிப்பு எங்கே விழும் என்று அது கணக்கிடும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் பருத்தி, பட்டு ஆகியவற்றுக்கு ஆயத்த அளவுகள் உண்டு. ஆனால் தறித்துணி எல்லாம் ஒரே பருத்தியல்ல. அதனால் உண்மைத் துணியை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, அது வளையும் அளவுக்கு விறைப்பைக் கூட்டிக் குறைக்கிறேன். மடித்த துணி தனக்குள்ளேயே ஊடுருவாமலிருக்க, தன்மோதலைக் கணக்கிடும் தெரிவையும் இயக்க வேண்டும். தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். நெசவை நிழலான பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, உண்மையான இழை அளவிலேயே பதிக்க வேண்டும்.

மினுக்கத்தை மட்டும் கூட்டாதீர்கள். படத்தில் பட்டாக மினுங்கியது கையில் பருத்தியாக வந்தால், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். போரில் கணவனை இழந்து, தறியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்த ஒரு வாடிக்கையாளர் சிறிய இழப்பல்ல.